கைடிடம் எப்படிச் சொல்வது: நேரிலா, மெயிலிலா, கமிட்டியிலா?

போன மாதம் ஒரு ஞாயிறு காலை, பெங்களூர் மத்திகெரேயில் எங்கள் தெருமுனை தர்ஷினி ஹோட்டலில் நின்றபடி காபி குடித்துக்கொண்டிருந்தேன். கூட வந்த விழுப்புரம் பக்கத்துப் பெண் தன் போனை நீட்டி, "அக்கா, இதை அனுப்பிடலாமா?" என்று கேட்டாள். ஐந்தாம் ஆண்டு ஆராய்ச்சி மாணவி. தன் கைடுக்கு, அதாவது ஆய்வை வழிநடத்தும் பேராசிரியருக்கு, ஒரு மெயில் எழுதி வைத்திருந்தாள். விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. முதல் பத்தி பணிவாக இருந்தது. நாலாவது பத்திக்குள் "நீங்கள் எப்போதுமே" என்று தொடங்கும் வாக்கியங்கள் வந்துவிட்டன.

விஷயம் இதுதான். மாதாமாதம் வரும் ஃபெலோஷிப் பணம் முடிய ஏழு மாதம் இருக்கிறது. ஆய்வேட்டுக்கு மூன்று அத்தியாயங்கள் தேறிவிட்டன. எலியில் ஒரு சோதனை செய்து சேர்த்தால் இன்னும் நல்ல ஜர்னலுக்குப் போகலாம் என்கிறார் கைடு. எலியைத் தொட வேண்டுமென்றால் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதிக்க வேண்டும். விண்ணப்பம் எழுதி, குழு கூடும் நாளுக்குக் காத்திருந்து, அவர்கள் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லி, அதற்கப்புறம்தான் சோதனையே தொடங்கும். ஏழு மாதத்தில் நடக்கிற காரியமில்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை.

"அனுப்பாதே" என்று பட்டென்று சொல்லிவிட்டேன். "அப்போ என்னக்கா பண்றது?" என்றாள். இரண்டாவது காபி ஆறும்வரை பேசினோம். அவளுக்குச் சொன்னதையும், வீட்டுக்கு வந்தபின் யோசித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். பெங்களூரில் தமிழ்நாட்டிலிருந்து வந்து ஆராய்ச்சி செய்யும் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். டாடா இன்ஸ்டிடியூட் என்று ஊர்க்காரர்கள் இன்னும் சொல்லும் இந்திய அறிவியல் கழகம், ஜக்கூரில் ஜவகர்லால் நேரு மையம், ஜிகேவிகே வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் என்சிபிஎஸ் உயிரியல் மையம் என்று எங்கே போனாலும் கேன்டீனில் ஒரு தமிழ் மேஜை இருக்கும். அந்த மேஜைகளில் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது.

முதலில் பணக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சண்டைகளில் பாதி அங்கேதான் முளைக்கிறது. நெட் தகுதித் தேர்வில் தேறி ஜேஆர்எஃப் என்னும் இளநிலை ஃபெலோஷிப் வாங்கியவர்களுக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு வருஷம் கழித்து எஸ்ஆர்எஃப் என்னும் முதுநிலை ஃபெலோஷிப் ஆனால் 42,000. மொத்தம் ஐந்து வருஷம். ஆனால் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 விதிமுறைப்படி பிஎச்டி முடிக்க ஆறு வருஷம் வரை அவகாசம், மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு. மாணவர் ஐந்தை எண்ணிக்கொண்டிருக்கிறார், கைடு ஆறை எண்ணிக்கொண்டிருக்கிறார். இரண்டு பேரும் தப்பு செய்யவில்லை. அதே விதிமுறையின்படி ஒரு பேராசிரியர் ஒரே சமயத்தில் எட்டு மாணவர்கள் வரை வைத்துக்கொள்ளலாம், இணைப் பேராசிரியர் ஆறு, உதவிப் பேராசிரியர் நாலு. ஃபெலோஷிப் நிற்கும் தேதி உங்களுக்குக் கனவில்கூட வரும். எட்டுப் பேரை வைத்திருப்பவருக்கு அது ஞாபகம் இருக்கும் என்று நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள்.

உங்கள் நிறுவனத்துக்குத் தனி விதிகள் இருக்கலாம். கையேட்டை ஒரு முறை முழுசாகப் படித்துவிட்டு மேலே வாருங்கள்.

மெயில்

மெயிலை நான் ஏன் அப்படித் தடுத்தேன் என்று சொல்ல, என் கதையைச் சொல்ல வேண்டும். எனக்கு மூன்றாம் ஆண்டு நடந்துகொண்டிருந்தபோது, நான் ஆறு மாதம் உழைத்து எடுத்த ஒரு படம், எங்கள் லேபிலேயே இன்னொருவரின் ஆய்வுப் போஸ்டரில் அவர் பெயரில் வந்துவிட்டது. இரவு இரண்டு மணிக்கு ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்து என் கைடுக்கு எழுதினேன். மூன்று வருஷத்தில் மனசில் சேர்த்து வைத்திருந்த எல்லாம் அதில் இறங்கியது. போஸ்டர் விஷயம் மட்டும் எழுதியிருந்தால் ஆறு வரியில் முடிந்திருக்கும். நான் முதலாண்டில் அவர் என்னை லேப் மீட்டிங்கில் பேசவிடாததுவரை எழுதினேன். அனுப்பியதும் நெஞ்சு லேசானது. அந்த லேசு விடியும்வரைதான் இருந்தது.

ஒன்பது நாள் பதில் இல்லை. அந்த ஒன்பது நாளும் அவர் வருகிற நேரம் பார்த்து நான் மைக்ராஸ்கோப் அறைக்குள் போய்விடுவேன். பத்தாம் நாள் ஒரு வரி வந்தது: வந்து பார்க்கவும். போனேன். லேபின் பொதுக் கோப்பிலிருந்து அந்தப் பையன் படத்தை எடுத்திருக்கிறான், கைடுக்கு அது என்னுடையது என்றே தெரியாது. பத்து நிமிஷத்தில் தீர்ந்தது. ஆனால் மெயிலில் எழுதியிருந்த மற்றதெல்லாம் தீரவில்லை. "உனக்கு என்மேல் இவ்வளவு இருந்ததாம்மா?" என்று கேட்டார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. பழையபடி சகஜமாகப் பேச ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது.

மெயிலில் குரல் கிடையாது. நீங்கள் அழுதுகொண்டே எழுதியதை அவர் ஏர்போர்ட் போகும் டாக்ஸியில், போனில், பாதிக் கவனத்தோடு படிப்பார். அவர் முகம் மாறுவதைப் பார்த்து நீங்கள் அடுத்த வார்த்தையை மாற்றிக்கொள்ள முடியாது. அதைவிட, அது அழியாது. கோபத்தில் வாயால் சொன்னதைப் பெரும்பாலும் மன்னித்துவிடுவார்கள். எழுதியதைத் திரும்பத் திரும்பப் படிக்கலாம்.

இருந்தாலும் மெயில்தான் முதலில் வர வேண்டிய இடங்கள் உண்டு. முன்பு ஒரு தடவை அறைக்குள் வைத்து உங்களைக் கத்தி அவமானப்படுத்தியவர் என்றால், தனியாகப் போய் உட்கார வேண்டியதில்லை, எழுதுங்கள். வாயால் ஒப்புக்கொண்டதை இரண்டு முறை "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று மாற்றியவர் என்றாலும் எழுதுங்கள். உடம்புக்கு முடியாமல் லீவு கேட்பதும் மெயில் வேலைதான். டாக்டர் சான்றிதழை இணைத்து, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று எழுதினால் போதும். என்ன நோய், எப்படி வந்தது என்று கைடுக்கு விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. முக்கியமாகப் பெண்பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்.

வாட்ஸ்அப்பில் நேரம் கேட்கலாம். அதற்குமேல் ஒன்றும் வேண்டாம்.

நேரில்

என் எண்ணத்தில், தேதி, வேலையின் அளவு, கட்டுரையில் யார் பெயர் முதலில் என்கிற மூன்றுக்கும் நேரில் பேசுவதுதான் முதல் வழி. ஆனால் "நேரில்" என்றால் காரிடாரில் மடக்கிக் கேட்பது கிடையாது. லேப் மீட்டிங் முடிந்து எல்லோரும் எழுந்திருக்கும்போது "சார், ஒரு நிமிஷம்" என்பதும் கிடையாது. ஒரு நிமிஷம் என்று கேட்டால் ஒரு நிமிஷத்துக்கான பதில்தான் கிடைக்கும்.

முதலில் அரை மணி நேரம் கேளுங்கள், எதற்கு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். "சார், ஆய்வேடு சமர்ப்பிக்கும் தேதி பற்றிப் பேசணும், வியாழக்கிழமை அரை மணி நேரம் கிடைக்குமா?" இதைச் சொல்லாமல் போனால் அவருக்கு அது திடீர்த் தாக்குதலாகிவிடும். தலைப்பு முன்கூட்டித் தெரிந்தால் அவரும் யோசித்து வைத்திருப்பார்.

கையில் ஒரே ஒரு தாள் கொண்டுபோங்கள். விழுப்புரம் பெண்ணுக்கு அன்று பேப்பர் நாப்கினின் பின்னாலேயே கட்டம் போட்டோம். ஏழு மாதம், ஏழு கட்டம். ஃபெலோஷிப் முடிகிற கட்டத்தில் ஒரு கோடு. எழுத எத்தனை மாதம், கைடு படித்துத் திருத்த எத்தனை, ஆய்வுச் சுருக்கத்தை எல்லோர் முன்னும் சொல்லும் சினாப்சிஸ் செமினாருக்கு எத்தனை என்று பின்னாலிருந்து முன்னால் நிரப்பினோம். ஐந்து கட்டம் போய்விட்டது. மிச்சம் இரண்டு. எலிச் சோதனைக்கான அனுமதியே அந்த இரண்டுக்குள் அடங்காது. அவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதைக் காட்டினா போதும்ல அக்கா, நான் ஒண்ணும் சொல்ல வேண்டாம்ல" என்றாள். ஏறக்குறைய சரி. தாளைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேர் பேசினால், பிரச்சினை மேஜையின் நடுவில் இருக்கும், யாருடைய தலையிலும் இருக்காது.

பிறகு, ஒரே ஒரு கோரிக்கை. மனசில் ஐந்து இருக்கும், ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள். கேட்டு முடித்ததும் வாயை மூடிக்கொள்ளுங்கள். இது மிகக் கஷ்டம். கைடு ஒன்றும் பேசாமல் ஜன்னலைப் பார்த்தால் நமக்குப் பதறும், "இல்ல சார், உங்களுக்குக் கஷ்டம்னா வேண்டாம்" என்று நாமே வாபஸ் வாங்கிவிடுவோம். அவர் யோசிக்கிறார். விடுங்கள்.

இனி மொழி. நம் ஆட்கள் இதை அதிகம் யோசிப்பதில்லை. கைடும் தமிழ், மாணவியும் தமிழ் என்றால் எந்த மொழியில் பேசுவது? என் கைடு கும்பகோணத்துக்காரர். தினமும் "சாப்டியாம்மா?" என்பார். அந்த உறவு பெரிய ஆறுதல். ஆனால் அதே தமிழில் "நீங்க சொன்னது சரியில்ல சார்" என்று சொல்லப் போனால், வீட்டில் அப்பாவை எதிர்த்துப் பேசுகிற மாதிரி ஆகிவிடும். தொண்டை அடைக்கும், கண் கலங்கும், அவரும் சமாதானப்படுத்த ஆரம்பித்துவிடுவார், கேட்க வந்தது அப்படியே நிற்கும். சரி, ஆங்கிலத்துக்கு மாறினால்? ஒரு முறை மாறிப் பார்த்தேன். தேதிகளும் அத்தியாயங்களும் சுத்தமாக வந்தன. ஆனால் அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். தமிழில் பேசுகிறவள் திடீரென்று ஆங்கிலத்தில் பேசினால் அது வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது.

இப்போது நான் எல்லோருக்கும் சொல்வது: தமிழில் உள்ளே போங்கள். எதற்காக வந்தீர்கள், அது ஏன் உங்களுக்குக் கனமாக இருக்கிறது என்பதைத் தமிழில் சொல்லுங்கள். தாளை மேஜையில் வைத்ததும் ஆங்கிலத்துக்குப் போய்விடுங்கள். அத்தியாயம், சோதனை, ஜர்னல் எல்லாம் தினமும் ஆங்கிலத்தில்தானே பேசுகிறோம், அதனால் அந்த மாற்றம் உறுத்தாது. கைடு வங்காளியோ மலையாளியோ கன்னடக்காரரோ என்றால் இரண்டு பேருக்குமே ஆங்கிலம் இரவல் மொழி. "யூ மஸ்ட்" என்று அவர் சொல்வது கட்டளையாகக் காதில் விழும். அவர் மொழியில் அது "செய்தால் நல்லது" அளவுக்குத்தான் இருக்கலாம். சந்தேகமாக இருந்தால் கேட்டுவிடுங்கள்: இது கட்டாயமா சார், இல்லை யோசனையா?

பேசி முடித்த அன்றே மெயில். அங்கேதான் மெயிலுக்கு உண்மையான வேலை. நாலு வரி போதும்: நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. இன்று பேசியதில் நான் புரிந்துகொண்டது இது. இன்னின்ன தேதிக்குள் இதை நான் தருகிறேன், இன்ன தேதிக்குள் நீங்கள் பார்த்துத் தருவதாகச் சொன்னீர்கள். தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். இதில் யாரையும் குத்துகிற சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் ஆறு மாதம் கழித்து "அப்படியா சொன்னேன்?" என்கிற கேள்வி வராது.

மூன்றாம் ஆள்

சீனியரிடமோ, பிஎச்டி முடித்து லேபில் ஆய்வு செய்யும் போஸ்ட்டாக்கிடமோ யோசனை கேட்பது நல்லது. சேதி சொல்லி அனுப்புவது நல்லதில்லை. "சார், அவ ரொம்ப கஷ்டப்படுறா" என்று அவர்கள் போய்ச் சொல்லும்போது உங்கள் விஷயம் லேப் முழுக்க உலா வந்திருக்கும், கைடுக்கும் "என்கிட்ட வந்து சொல்லக் கூடாதா?" என்று வலிக்கும்.

ஆராய்ச்சி ஆலோசனைக் குழு வேறு விஷயம். யுஜிசி விதிப்படி மாணவர் ஒவ்வொரு செமஸ்டரும் அதன் முன்னால் முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும். நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர் மாறும், டாக்டோரல் கமிட்டி என்றும் சொல்வார்கள். நேரில் கேட்டும் முடிவு வராதபோது இதுதான் அடுத்த படி, அதுவும் கௌரவமான படி. கடைசி ஸ்லைடில் அதே ஏழு கட்டத்தைப் போடுங்கள். கமிட்டியில் இருக்கும் மற்ற பேராசிரியர்களே "இது நடக்காதே" என்று கேட்பார்கள். ஒரு நிபந்தனை: அந்த ஸ்லைடை இரண்டு நாள் முன்னால் கைடுக்கு அனுப்பிவிடுங்கள். சக பேராசிரியர்கள் முன்னால் அவரை விழிக்க வைத்தால், மிச்சமிருக்கிற மாதங்களில் அதற்கான விலையைக் கொடுப்பது நீங்கள்தான்.

கைடிடம் பேசித் தீர்க்கக் கூடாத விஷயங்கள்

இதுவரை சொன்னதெல்லாம் நல்லெண்ணம் உள்ள இரண்டு பேருக்கு நடுவில் வரும் இடறல்களுக்கு. சில விஷயங்களில் "முதலில் பேசிப் பாரேன்" என்று யோசனை சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும். பாலியல் தொல்லை, சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது, தரவை மாற்றி எழுதச் சொல்வது. இவற்றுக்குக் கைடின் அறை சரியான இடமே இல்லை.

பாலியல் தொல்லைக்கு 2013 சட்டப்படி நிறுவனத்தின் உள் புகார்க் குழுவிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். சம்பவத்திலிருந்து மூன்று மாதம் கெடு. தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டலாம். செமஸ்டர் முடியட்டும், பேப்பர் வரட்டும் என்று காத்திருந்தால் அந்தக் கெடு போய்விடும். சாதி விஷயத்துக்கு நிறுவனத்தின் எஸ்சி எஸ்டி பிரிவு இருக்கிறது, அதற்கும் மேலே 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. மற்ற புகார்களுக்கு யுஜிசியின் 2023 விதிமுறைப்படி மாணவர் குறைதீர்க் குழு. அது 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர முயல வேண்டும், திருப்தி இல்லையென்றால் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

ஆனால் ஃபெலோஷிப் தேதிக்காகவோ ஒரு சோதனைக்காகவோ நேராகக் குறைதீர்க் குழுவுக்குப் போகாதீர்கள். பரிந்துரைக் கடிதம் எழுத வேண்டியவர் அவர், வாய்வா என்னும் வாய்மொழித் தேர்வில் உங்கள் பக்கம் உட்கார வேண்டியவரும் அவரே. மற்ற கதவுகள் மூடியபின் தட்ட வேண்டிய கதவு அது.

கைடை மாற்றுவது? முதல் வருஷமோ இரண்டாம் வருஷத் தொடக்கமோ என்றால் தயங்காமல் யோசிக்கலாம், பல இடங்களில் வழி இருக்கிறது. ஐந்தாம் வருஷத்தில் மாறினால் தரவு, தலைப்பு, காலம் மூன்றிலும் பெரும்பகுதி போய்விடும்.

ஒன்றும் சொல்லாமல் இருப்பதும் ஒரு தேர்வுதான். கைடு ஆராய்ச்சி நிதிக்கான கிரான்ட் விண்ணப்பக் கெடுவில் மூழ்கியிருக்கிறார், அல்லது வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்றால் ஒரு வாரம் பொறுப்பது மரியாதை. ஆனால் தீபாவளி கழியட்டும், ஊருக்குப் போய்விட்டு வந்து கேட்கலாம் என்போம். வந்ததும் பொங்கல் கழியட்டும் என்போம். யஷ்வந்த்பூரில் ரயில் ஏறும்போது ஒவ்வொரு தடவையும் அதே சுமை பையில் இருக்கும். பொறுப்பதென்றால் தேதி குறித்துப் பொறுங்கள். தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல் வாரக்கணக்கில் போகிறது என்றால், கைடு பேச்சு அப்புறம், முதலில் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்குப் பேசுங்கள். இலவசம், தமிழிலும் பேசலாம். நம்ம ஊர் மனநல மருத்துவமனை நிம்ஹான்ஸ்தான் அதற்குத் தலைமை மையம்.

மறுபக்கம்

இப்போது என்னிடமும் இரண்டு மாணவர்கள் இருக்கிறார்கள். மேஜையின் இந்தப் பக்கம் உட்கார்ந்தபின்தான், இங்கேயும் வாய் வராது என்று தெரிந்தது. இரண்டாம் ஆண்டுப் பையன் ஒருவனின் கட்டுப்பாட்டுச் சோதனைகள், அதாவது ஒப்பிட்டுப் பார்க்கச் செய்பவை, சரியாக இல்லை. தனியாகச் சொல்லச் சங்கடப்பட்டு, லேப் மீட்டிங்கில் பொதுவாகச் சொல்வதுபோல் சொன்னேன். எல்லோருக்கும் யாரென்று தெரிந்தது. அதற்கப்புறம் இரண்டு மாதம் அவன் மீட்டிங்கில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நான் செய்தது தப்பு. பிறகு தனியாகக் கூப்பிட்டு, அவனுடைய நோட்டுப்புத்தகத்தையே திறந்து வைத்து, "இந்த இடத்தில் என்ன நடந்திருக்கும்னு நீ நினைக்கிறே?" என்று கேட்டேன். அவனே கண்டுபிடித்தான். கைடுகளுக்கு நான் சொல்வது: பாராட்டு மீட்டிங்கில், குறை அறையில். மெயிலில் குறை சொல்லவே சொல்லாதீர்கள். ராத்திரி பதினோரு மணி வாட்ஸ்அப்பையும் விட்டுவிடுங்கள். உங்களுக்கு அது ஞாபகம் வந்த நேரம், அவனுக்கு அது தூக்கம் போன நேரம்.

விழுப்புரம் பெண் அந்த மெயிலை அழித்தாள். வியாழன் நாலு மணிக்கு நேரம் வாங்கினாள். நாப்கின் கட்டத்தை ஏ4 தாளில் நகல் எடுத்துக்கொண்டு போனாள். அன்று மாலை ஏழு மணிக்கு எனக்குப் போன் வந்தது. கைடு தாளை ரொம்ப நேரம் பார்த்தாராம். "உன் ஃபெலோஷிப் அடுத்த வருஷம் முடியுதுன்னுல்ல நினைச்சிருந்தேன்" என்றாராம். எலிச் சோதனையை அவர் விட்டுவிடவில்லை, புதிதாகச் சேர்ந்த ஜூனியருக்குக் கொடுக்கிறேன் என்றிருக்கிறார். பதிலுக்கு, மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு செல் சோதனையை மறுபடி செய்யச் சொல்லியிருக்கிறார். அதற்கு ஆறு வாரம் ஆகும். எலிச் சோதனை பின்னால் பேப்பராக வரும்போது யார் பெயர் முதலில் என்பதை இவள் கேட்கவில்லை.

"அதைக் கேட்டிருக்கணுமாக்கா?"

"இன்னைக்கு ஒண்ணு போதும்" என்றேன். "மெயில் அனுப்பிட்டியா?"

"எழுதிட்டேன். நாலு வரிதான். படிக்கட்டுமா?"